பிழையை மறைப்பதும் பிழையே!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் நண்பர்களிடம் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறேன். நாம் எழுதும் நிரல் வெற்றி பெற்றால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை நாற்பது வரிகளில் அழகாக எழுதுகிறோம். அது தோல்வியுற்றால் என்ன நடக்க வேண்டும் என்பதை எத்தனை வரிகளில் எழுதுகிறோம்? பெரும்பாலும் ஒரே வரி. பல நேரங்களில் அந்த ஒரு வரியும் இல்லை.

இது சோம்பலால் மட்டும் விளைவதன்று. வெற்றியைத் திரையில் காட்டலாம். ஆசிரியரிடம் காட்டிப் பாராட்டும் பெறலாம். தோல்வியை யார் காண விரும்புவர்? எனவே அதை நிரலின் ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இணையத்தின் வழியே தகவலைக் கேட்டுப் பெறும் எந்த நிரலுக்கும் தோல்வி என்பது எப்போதாவது வரும் விருந்தாளி அன்று. நாள்தோறும் வந்து போகும் உறவினர். அவருக்கு ஒரு பாய் விரித்து வைப்பதே அறிவுடைமை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு அறுவதையும் தொலைவில் உள்ள எந்திரம் நின்றுபோவதையும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நேர்ந்த பிழையைப் பயனாளரிடம் சொல்லாமல் மறைப்பதைத் தடுக்க முடியும். முன்னது விபத்து, பின்னது குற்றம். இக்கட்டுரை அந்தப் பின்னதைப் பற்றியது.

ஓட்டல் சர்வரும் கணிப்பொறி சர்வரும்

கணிப்பொறித் துறை சாராத நண்பர்களும் இக்கட்டுரையைப் படிப்பர் என்பதால் ஒரு சிறு விளக்கம் தேவை.

தமிழ்நாட்டில் 'சர்வர்' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் ஓட்டலில் தோளில் துண்டோடு வந்து நிற்பவர்தாம். கணிப்பொறித் துறையிலும் அதே பெயர். வேலையும் ஏறத்தாழ அதுவே. கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து தருவது.

ஓட்டலில் இரண்டு தோசை சொல்கிறோம். சர்வர் உள்ளே போகிறார். அவர் திரும்பும்வரை நாம் சிலை போல் உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர் குடிக்கிறோம், செய்தித்தாளைப் புரட்டுகிறோம், எதிரில் இருப்பவரோடு அரசியல் பேசுகிறோம். தோசை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறோம். இணையப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் செய்வதும் இதுவே. கோரிக்கையை அனுப்பிவிட்டு, மறுமொழி வரும்வரை மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதையே ஒத்திசையாக் கோரிக்கை என்கிறோம். மறுமொழி வரும்வரை நிரல் கைகட்டி நின்றால் பக்கம் முழுவதும் உறைந்துபோகும். ஒரு பொத்தானைக்கூட அழுத்த முடியாது.

இப்போது தோசை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று வகைகளில் நிகழலாம். ஒன்று, சர்வர் திரும்பி வந்து, 'இல்லை' என்று காரணத்தோடு சொல்கிறார். இரண்டு, உள்ளே போனவர் திரும்பவே இல்லை. மூன்று, நாம் சொல்ல வாயெடுத்தோம்; ஏதோ தடங்கலால் சொல்லாமலே விட்டுவிட்டோம்.

முதல் வகையிலும் பல காரணங்கள் உண்டு. இணையத்தில் அவற்றுக்கு மூன்று இலக்க எண்களைக் குறித்துள்ளனர். சைவ ஓட்டலில் பிரியாணி கேட்டால், 'அப்படியொன்று இங்கே இல்லை' என்பார், அது 404. டோக்கன் வாங்காமல் போய் நின்றால், 'முதலில் டோக்கன் வாங்கி வாருங்கள்' என்பார், அது 401. 'டோக்கன் இருந்தாலும் அந்த அறைக்குள் நீங்கள் போகக்கூடாது' என்றால் 403. ஒரே நிமிடத்தில் நாற்பது முறை கூப்பிட்டால், 'கொஞ்சம் பொறுங்கள்' என்பார், அது 429. சமையற்கட்டில் அடுப்பே வெடித்துவிட்டால் 500. 'மாவு அரைபடுகிறது, அரை மணி கழித்து வாருங்கள்' என்றால் 503. இந்தக் கடைசி வகையில், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதைத் தெரிவிக்க 'ரீட்ரை-ஆஃப்டர்' என்றொரு குறிப்பையும் சர்வர் அனுப்ப முடியும்.

நானூறில் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கக் குறையையும், ஐந்நூறில் தொடங்கும் எண்கள் கொடுப்பவர் பக்கக் குறையையும் காட்டுகின்றன. இந்தப் பாகுபாடு வெறும் கணக்குக்காக அன்று. முன்னதற்குப் பயனாளர் தம் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பின்னதற்கு அவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை, காத்திருந்தால் போதும். இரண்டுக்கும் ஒரே செய்தியைக் காட்டுவது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலாகும்.

பொறுப்பு கைமாறிய கதை

இந்தப் பொறுப்பு எப்படி நம் தலையில் வந்து விழுந்தது என்பதை அறிந்தால்தான் அதன் எடை விளங்கும்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சுட்டியை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறைந்து, புதிய பக்கம் வரும். இணைப்பு இல்லையென்றால் பிரவுசரே, 'இப்பக்கத்தைக் காட்ட இயலவில்லை' என்று ஒரு செய்தியைக் காட்டிவிடும். பக்கத்தை உருவாக்கியவர் எதுவும் எழுதாவிட்டாலும் பயனாளருக்குத் தோல்வி தெரிந்துவிடும்.

1999-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐந்தாம் பதிப்பில் 'எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி' என்னும் வசதி வந்தது. பக்கத்தை மாற்றாமலே, பின்னணியில் சர்வரோடு பேச அது வழி செய்தது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் இம்முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயரிட்டார். 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் லைப்ரரி இதை எளிதாக்கிப் பரவலாக்கியது.

பக்கம் மாறாமலே தகவல் வருவது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பின்னணியில் போன கோரிக்கை தோற்றால் பிரவுசர் பயனாளரிடம் எதையும் சொல்லாது. சொல்ல வேண்டியவர் நிரல் எழுதியவர். அவர் எழுதவில்லை என்றால் திரையில் எதுவும் நிகழாது. பொத்தான் அப்படியே இருக்கும். அல்லது ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிழையை அறிவிக்கும் பொறுப்பு, பிரவுசர் செய்தவரிடமிருந்து, பக்கம் செய்கின்ற நம்மிடம் இவ்வாறு கைமாறியது. பலர் வசதியை மட்டும் பெற்றுக்கொண்டு பொறுப்பை வாங்க மறந்துவிட்டனர்.

ஆக்சியோஸ் என்னும் கருவி

இன்று ஜாவாஸ்கிரிப்டில் இத்தகைய கோரிக்கைகளை அனுப்பப் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி ஆக்சியோஸ் ஆகும். மேட் ஸாப்ரிஸ்கி என்பவர் 2014-இல் தொடங்கியது. இது 'ப்ராமிஸ்' என்னும் முறையில் இயங்குகிறது. ப்ராமிஸ் என்றால் வாக்குறுதி. பின்னர் வரப்போகும் விடைக்காக இப்போது கையில் தரப்படும் ஒரு சீட்டு எனலாம். இக்கருத்தைப் பரவலான கணிப்பொறி அமைப்புகளுக்காக 1988-லேயே பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் ஓர் ஆய்வுரையில் விளக்கியிருந்தனர். ஜாவாஸ்கிரிப்டின் தரவரையறைக்குள் அது 2015-இல் நுழைந்தது.

வாக்குறுதி நிறைவேறலாம், பொய்க்கவும் செய்யலாம். பொய்த்தால் பிடித்துக்கொள்ள 'கேட்ச்' என்னும் பகுதி இருக்கிறது. அங்கே வந்து சேரும் பிழைப்பொருளை ஆக்சியோஸ் நன்கு பாகுபடுத்தித் தருகிறது. அதில் 'ரெஸ்பான்ஸ்' இருந்தால் சர்வர் மறுமொழி தந்துவிட்டது, ஆனால் அது தோல்வியைக் குறிக்கும் எண்ணோடு வந்தது என்று பொருள். 'ரெஸ்பான்ஸ்' இல்லாமல் 'ரெக்வெஸ்ட்' மட்டும் இருந்தால் கோரிக்கை போயிற்று, மறுமொழி வரவில்லை என்று பொருள். இரண்டும் இல்லையென்றால் கோரிக்கையை ஆயத்தம் செய்யும்போதே ஏதோ தவறியது என்று பொருள். ஓட்டலில் நாம் கண்ட அதே மூன்று வகைகள்! மறுமொழி வந்த நேரத்திலும் 'ரெக்வெஸ்ட்' உடன் இருக்கும். எனவே முதலில் 'ரெஸ்பான்ஸ்' உண்டா என்று பார்த்த பின்னரே அடுத்ததைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

பிரவுசரிலேயே அமைந்துள்ள 'ஃபெட்ச்' என்னும் வசதியோடு இதை ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு புலப்படும். சர்வர் 404 என்றாலும் 500 என்றாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. மறுமொழி வந்ததே போதும் என்று வாக்குறுதியை நிறைவேற்றிவிடும். 'ஓகே' என்னும் குறியைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டும். ஆக்சியோஸோ, நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, 200 முதல் 299 வரை உள்ள எண்களை மட்டுமே வெற்றியாக ஏற்கும். மற்றவற்றைப் பிழையாக்கிக் கேட்ச் பகுதிக்கு அனுப்பும். ஒன்றுக்குப் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது இதை மறந்தால், தோல்விச் செய்தியையே தகவல் என்று எண்ணித் திரையில் இட முயல்வார்.

ஆனால் ஆக்சியோஸும் எல்லாவற்றையும் தானே செய்துவிடாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு அது தன்னளவில் வைத்திருக்கும் மதிப்பு பூஜ்யம். அதாவது, அதன் பங்குக்கு எல்லையே கிடையாது. நாமே 10,000 என்று குறித்தால்தான் பத்து நொடிகளுக்குப் பின் அது கைவிடும். ஏனெனில் இங்கே கணக்கு மில்லி நொடியில். உள்ளே போன சர்வர் திரும்பாவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்ப்பது என்பதை விருந்தினர்தாமே முடிவு செய்ய வேண்டும்?

மூன்று தீய பழக்கங்கள்

நிரல் எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படும் மூன்று பழக்கங்களைக் குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, வெற்றுக் கேட்ச். கேட்ச் என்று எழுதி, அடைப்புக்குறிகளுக்கு இடையே எதையும் எழுதாமல் விடுவது. நிரல் சிவப்பு எழுத்துகளைக் காட்டி மிரட்டுவது நின்றுவிடும். உள்ளத்தில் அமைதி பிறக்கும். ஆனால் இது நோயைத் தீர்ப்பதன்று, நோயாளியின் வாயைக் கட்டுவது. இதற்கு நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. ஆக்சியோஸில் எல்லா மறுமொழிகளையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்க 'இன்டர்செப்டர்' என்னும் வாசற்காவல் உண்டு. அங்கே பிழையைப் பிடித்தவர் அதை மறுபடியும் பிழையாகவே மேலே அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்தால், கோரிக்கை அனுப்பிய பகுதி அதை வெற்றி என்றே எண்ணிக்கொள்ளும்; ஆனால் கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, கன்சோலில் மட்டும் எழுதிவிட்டு ஓய்வது. கன்சோல் என்பது நிரல் எழுதுவோர் பார்க்கும் உள்ளறை. கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பும் விவசாயியோ தையற்காரரோ அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. வீடு தீப்பற்றியதைப் பரணில் இருந்த நாட்குறிப்பில் எழுதிவைத்தேன் என்பது போன்றது இது.

மூன்றாவது, சுற்றும் வட்டத்தை நிறுத்த மறப்பது. தகவல் வந்ததும் வட்டத்தை நிறுத்து என்று வெற்றிப் பகுதியில் மட்டும் எழுதுகிறார்கள். தகவல் வராவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பவர், 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்று நம்புகிறார். வெற்றியானாலும் தோல்வியானாலும் கட்டாயம் நிறைவேறும் 'ஃபைனலி' என்னும் பகுதி மொழியிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரியை அங்கே எழுதினால் போதும். எழுதாத அந்த ஒரு வரியால் ஒருவர் திரையின் முன் எத்தனை நிமிடம் வீணாகக் காத்திருப்பார்!

மௌனத்தைவிட இரைச்சல் மேல் என்று நிரல் உலகமே ஒரு கட்டத்தில் முடிவு செய்தது. சர்வர் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில், யாரும் பிடிக்காமல் விட்ட ப்ராமிஸ் பிழைகளுக்கு முன்பெல்லாம் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். நிரல் தொடர்ந்து ஓடும். 2020 அக்டோபரில் வந்த பதினைந்தாம் பதிப்பு முதல் அத்தகைய பிழை நிரலையே நிறுத்திவிடும்படி மாற்றினார்கள். பிழையோடு நொண்டி நடப்பதைவிட விழுந்து காட்டுவது நேர்மையானது என்பதே அதன் உட்பொருள்.

'பணம் போச்சா, இருக்கா?'

பிழைகளிலேயே கொடியது, மறுமொழி வராமற்போகும் பிழைதான். ஏனெனில் கோரிக்கை போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்து, விடை மட்டும் வழியில் தொலைந்ததா என்பது கோரிக்கை அனுப்பியவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் திரையில் வரும் ஆங்கில வாசகத்தைப் படித்துச் சொல்பவள் நான் ஒருத்தியே. ஒருமுறை ஒரு கட்டணத்தைக் கைப்பேசி வழியே செலுத்தும்போது, வட்டம் சுற்றிச் சுற்றி, இறுதியில் 'நெட்வொர்க் எரர்' என்று இரண்டே சொற்கள் வந்தன. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பணம் போச்சா, இருக்கா?" மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் பாதியைக் கடந்த என்னால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. அந்தத் திரையை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியராலும் விடை சொல்லியிருக்க முடியாது. ஏனெனில் விடை அதில் எழுதப்படவே இல்லை.

அந்த இரண்டு சொற்களை எழுதியவர் எந்த மனிதரும் அல்லர் என்பது பின்னர்ப் புரிந்தது. மறுமொழி வராதபோது ஆக்சியோஸ் தானாகத் தரும் வாசகம் அது. இணைப்பு அறுந்தாலும், வேற்றுத்தளத்துக்கான அனுமதி மறுக்கப்பட்டாலும், காரணம் எது என்பதைப் பாதுகாப்புக் கருதிப் பிரவுசர் நிரலிடம் சொல்வதில்லை. எனவே லைப்ரரியால் அவ்வளவே சொல்ல முடியும். லைப்ரரி நிரல் எழுதுவோருக்குச் சொன்னதை அப்படியே எடுத்து அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய வேளையில், 'மீண்டும் முயல்க' என்று ஒரு பொத்தானை வைப்பது எளிது. ஆனால் அது எல்லா இடத்திலும் பொருந்தாது. தகவலைப் படிக்க மட்டும் கேட்கும் 'கெட்' கோரிக்கையை நூறு முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. தேர்வு முடிவை இரண்டு முறை பார்த்தால் மதிப்பெண் இரட்டிப்பதில்லையே! ஆனால் புதிதாக ஒன்றைப் பதிவு செய்யும் 'போஸ்ட்' கோரிக்கை அப்படியன்று. இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டாம் முறை பணம் கழியக்கூடும். 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 என்னும் இணையத் தர ஆவணமும், எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றேயான கோரிக்கைகள் எவை, அல்லாதவை எவை என்று பிரித்துரைக்கிறது.

இதற்குத் தீர்வும் உண்டு. ஒவ்வொரு கட்டணத்துக்கும் பயனாளர் பக்கத்திலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், 'இது முன்பே முடிந்த வேலை' என்று சர்வர் பழைய விடையையே திருப்பித் தரும். மொய் எழுதுபவர் பெயரைப் பார்த்து, 'உங்கள் மொய் ஏற்கெனவே எழுதியாயிற்று' என்று சொல்வது போல.

இந்த இடைப்பட்ட நிலை கற்பனையன்று என்பதற்கு அரசு சார்ந்த சான்றே உண்டு. 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, தோல்வியுற்ற பணப்பரிமாற்றங்களைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யூபிஐ வழியே கடைக்காரருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, அவருக்கு உறுதி கிடைக்காமற் போனால், பரிமாற்ற நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அதைத் தானாகவே திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அது விதித்தது. வங்கி உலகமே ஒப்புக்கொண்ட ஒரு நிலையை, நம் நிரல் மட்டும் 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று சொல்லிக் கடந்துபோகலாமா?

மீண்டும் முயலும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு சர்வரின் கதவைத் தட்டுகின்றனர். அது திணறும்போது ஒவ்வொருவரின் நிரலும் நொடிக்கொரு முறை மீண்டும் தட்டினால், எழ முயலும் அதை நாமே மிதித்துக் கொல்வதாகும். முதலில் ஒரு நொடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாரும் ஒரே கணத்தில் திரும்பி வராதபடி அதில் சிறிது முன்பின்னும் சேர்க்க வேண்டும். சில முறைக்குப் பின் நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். நெரிசலில் ஒதுங்கி நிற்கும் பண்பை நிரலுக்கும் நாமே கற்பிக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

'முதலில் வேலை செய்யட்டும். பிழையைப் பிறகு பார்க்கலாம்' என்பார் சிலர். நடைமுறையில் அந்தப் 'பிறகு' வருவதில்லை. நிரல் வெளியாகிப் பலர் பயன்படுத்தத் தொடங்கியபின் அடுத்த வேலை வந்துவிடும். வீடு கட்டி முடித்தபின் வடிகாலைப் பற்றி எண்ணுவோர், முதல் மழையில்தான் அதை எண்ணுவர்.

'இப்போது எங்கும் இணைப்பு நன்றாக இருக்கிறதே, இத்தனை கவலை எதற்கு?' என்பார் வேறு சிலர். வலைப்பின்னல் நம்பத்தக்கது என்று எண்ணுவதே, பரவலான அமைப்புகளை உருவாக்குவோரின் முதல் மயக்கம் என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பீட்டர் டாய்ச் 1994-லேயே பட்டியலிட்டார். பேருந்தில் போய்க்கொண்டே விண்ணப்பம் நிரப்புவோரும், மலையடிவாரத்தில் மாடியேறிக் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்போரும் இன்றும் உள்ளனர். அவர்களைக் கணக்கில் கொள்ளாத நிரல், வேகமான இணைப்பு உடையோருக்கு மட்டும் எழுதப்பட்டது. அதைப் பொதுமக்களுக்கானது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

'பிழையை விளக்கிச் சொன்னால் தீயோர் அதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா?' என்பது நியாயமான ஐயம். தகவற்களஞ்சியத்தின் பெயரையும் நிரலின் வரி எண்ணையும் திரையில் கொட்டுவது தவறுதான். ஆனால் நான் கேட்பது அதுவன்று. பயனாளருக்கு மூன்றே விவரங்கள் போதும். என்ன நடந்தது, அவர் கொடுத்தது பத்திரமாக உள்ளதா, அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும். 'உங்கள் கட்டணம் சேர்ந்ததா என்பதை உறுதி செய்ய முடியவில்லை. மீண்டும் செலுத்த வேண்டாம். பத்து நிமிடம் கழித்து, இந்த எண்ணைக் கொண்டு நிலையை இங்கே பாருங்கள்' என்று தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இதில் எந்த இரகசியமும் வெளிப்படவில்லை. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை இருக்கிறது.

எல்லாவற்றையும் பிழை என்று அறிவிக்கவும் கூடாது. தேடல் பெட்டியில் ஒருவர் எழுத எழுத, பழைய கோரிக்கைகளை நாமே இரத்து செய்கிறோம். அவையும் கேட்ச் பகுதிக்குத்தான் வந்து சேரும். அது பிழையன்று, வேறு பலகாரம் சொல்லிவிட்டு முந்தியதை வேண்டாம் என்பது போன்றது. அதை இனங்கண்டு அமைதியாக விட்டுவிட வேண்டும். ஓயாது கூவும் காவலனும் உறங்கும் காவலனும் பயனில் ஒன்றே.

நம் ஆய்வகத்தில் தொடங்குவோம்

குறை கூறுவதோடு நில்லாமல் ஒரு வழியும் சொல்ல வேண்டுமன்றோ? செய்முறைத் தேர்வில் நிரல் சரியான விடையைக் காட்டினால் முழு மதிப்பெண் என்பது பல கல்லூரிகளில் உள்ள வழக்கம். ஆய்வகத்தில் கம்பி இணைப்பு இருக்கிறது; சர்வரும் அதே அறையில் இருக்கிறது; எனவே அங்கே எதுவும் தோற்பதில்லை. தோல்வியையே காணாமல் தேர்ச்சி பெற்று வெளியேறும் மாணவர், நாளை மக்கள் பயன்படுத்தும் பக்கங்களை எழுதப் போகிறார்.

எனவே இணையம் சார்ந்த ஒவ்வொரு செய்முறைப் பயிற்சியிலும் மூன்று சோதனைகளைச் சேர்க்கலாம் என்பது என் பணிவான யோசனை. ஒன்று, நிரல் ஓடும்போதே இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பது. இரண்டு, பிரவுசரில் உள்ள கருவியால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது. மூன்று, சர்வரை வேண்டுமென்றே 500 என்று சொல்ல வைத்துப் பார்ப்பது. மூன்றுக்கும் பத்து நிமிடம் போதும். புதிய எந்திரமோ செலவோ தேவையில்லை. அப்போது வட்டம் நிற்கிறதா? திரையில் தமிழில் ஒரு வாசகம் வருகிறதா? நிரப்பிய படிவம் அழியாமல் இருக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால் அந்த நிரலுக்கு முழு மதிப்பெண் கொடுப்போம்.

நண்பர்களே! நாம் எழுதும் நிரலைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்பது நமக்குத் தெரியாது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். கடைசித் தேதியன்று மாலை ஆறு மணிக்கு விண்ணப்பிப்பவராக இருக்கலாம். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில் அவருக்கு நம் நினைவே வராது, அது நியாயமும்கூட. ஏதோ ஒன்று தவறும் நாளில்தான் அவர் திரையை உற்றுப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவருடன் பேச நாம் அங்கே இருக்கப்போவதில்லை. நாம் கேட்ச் பகுதியில் எழுதி வைத்த வாசகம் மட்டுமே இருக்கும். அது உண்மையைச் சொல்லட்டும். அவருக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும்.